கடைத்தெருவும் ஐந்தடியும்

சிங்கப்பூரின் பழைய கடைத்தெருக்களில் நடப்போர் வெயிலுக்கும் மழைக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. மேல்மாடி தெருவை நோக்கி முன்வந்து நிற்க, அதன் நிழலிலேயே ஒரு கடையினின்று அடுத்த கடைக்கு வழி செல்லும். இதனை நம் மக்கள் அஞ்சடி என்பர்; மலாய்க்காரர் காக்கி லீமா என்பர். சிராங்கூன் சாலைக்குப் புதிதாய் வருவோர் விரைந்து நடவாமல் நின்று நின்று செல்வதற்கு இவ்வழியே முதற் காரணம்.

இது தானாக அமைந்ததன்று. 1822-ஆம் ஆண்டு நவம்பரில் இராபிள்ஸ் நகர்க் குழுவினர்க்கு விடுத்த ஆணையில், ஒவ்வொரு வீடும் முன்புறத்தே தாழ்வாரம் உடையதாய், அத்தாழ்வாரம் தெருவின் இருமருங்கும் எவரும் நடக்கத் திறந்த தொடர்வழியாய் இருத்தல் வேண்டுமென விதித்தார். ஐந்தடி என்னும் அளவு அவ்வாணையில் இல்லை. குறிப்பிட்ட அகலம் என்ற அளவிலேயே அவர் நின்றார். பெயர் பின்னர் வந்தது. பெயரில் ஐந்தாயினும் அகலம் எங்கும் ஐந்தன்று; அளவுகோலுடன் செல்லும் மாணவர் ஆசிரியரை எளிதில் மடக்கிவிடுவர்!

விதியிலேயே ஒரு சிக்கலும் இருந்தது. நிலம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமையோ ஊராருடையது. கடைக்காரர் மூட்டைகளையும் கூடைகளையும் வெளியே பரப்பினர். சில்லறை வணிகர் தூணோரத்தில் இடங்கொண்டனர். நடப்போர் மாட்டு வண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் இடையே தெருவில் இறங்க நேர்ந்தது. 1887-ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணைகொண்டு நகராட்சியார் தாழ்வாரங்களைக் காலி செய்விக்க முற்பட்டபோது, 1888 பிப்ரவரியில் கலகம் மூண்டது. கடைகள் அடைபட்டன, கற்கள் பறந்தன, சில நாள் வாணிகமே நின்றது. நடக்க வழிவிட்டு எஞ்சிய இடத்தில் பொருள் வைக்கலாம் என்னும் அளவில் பின்னர் இணக்கம் பிறந்தது.

நகராட்சியார் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. வழி என்பது நடப்பதற்கே. ஆயினும் அவர் எண்ணியவாறே அனைத்தும் துடைக்கப்பட்டிருந்தால், வருவோர் நிழலில் நேராக நடந்து மறுமுனையை அடைந்திருப்பர். கடைக்குள் நுழைய வாங்கும் எண்ணம் வேண்டும். வாயிலில் நின்று மிளகாயை விரலால் தொட்டு விலை கேட்க அது வேண்டுவதில்லை. கடைவீட்டின் முகப்பும் குறுகியது. ஆகவே சில எட்டுக்குள் மளிகை, துணி, பாத்திரம், நகை என மாறி மாறி வரும். பூக்கட்டுவோரின் கைவிரைவும் மல்லிகை மணமும் கண்ணாடிக்குப் பின்னே இருந்திருப்பின் யாரை நிறுத்தியிருக்கும்?

1989-இல் இவ்வட்டாரம் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டமையால் கட்டடங்கள் நிலைத்தன. ஐந்தடியில் கடை பரப்பும் வழக்கமோ கட்டடம் அன்று. அதனைக் காக்கும் அறிவிப்பு எதுவும் இல்லை. ஆயினும் பஃபலோ சாலையில் இன்றும் காய்கறிக் கூடைகள் வழியை நெருக்க, நடப்போர் ஒருவர்பின் ஒருவராய் ஒதுங்கிச் செல்கின்றனர்.