அட்டாச்மென்ட் தெரபி: சரியான தெரபிஸ்ட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? முதல் போன் காலிலேயே என்ன கேட்க வேண்டும்?

"மெசேஜுக்கு ரெண்டு மணி நேரம் ரிப்ளை வரலைன்னா, விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"யாராவது ரொம்ப நெருங்கி வந்தா மூச்சு முட்டுது. நானே விலகிடுறேன்."

இப்படித் தவிப்பவர்களுக்கு ரீல்ஸ்கள் உடனே ஒரு பெயர் கொடுத்துவிடுகின்றன. முதலாவது 'ஆன்க்சியஸ் அட்டாச்மென்ட்', இரண்டாவது 'அவாய்டன்ட் அட்டாச்மென்ட்'. பெயர் தெரிந்துவிட்டது, சரி. இதற்கு சிகிச்சை தருபவரை எங்கே போய்த் தேடுவது?

இணையத்தில் தேடினால் பலருடைய ப்ரொஃபைலில் 'அட்டாச்மென்ட் பேஸ்டு தெரபி' என்று இருக்கும். ஆனால் இந்தியாவில் 'அட்டாச்மென்ட் தெரபிஸ்ட்' என்று தனியாக ஒரு அரசு உரிமம் கிடையாது. வாரக் கடைசியில் ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும், பல வருடம் மருத்துவமனையில் பயிற்சி பெற்றவரும் ஒரே வார்த்தையைப் போட்டுக்கொள்ள முடியும். அதனால் அந்த வார்த்தையை மட்டும் நம்பிப் பணம் கட்டக்கூடாது.

அட்டாச்மென்ட் என்றால் என்ன?

குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உருவாகும் பாதுகாப்பான பிணைப்பைத்தான் உளவியலில் 'அட்டாச்மென்ட்' என்கிறார்கள். இந்தக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர் பிரிட்டன் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. தாயைப் பிரிந்து வளரும் குழந்தைகள் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை 1951-ல் வெளியானது.

அவருடன் பணியாற்றிய மேரி ஐன்ஸ்வர்த், 1950-களில் உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்களையும் குழந்தைகளையும் நேரில் கவனித்தார். ஒரு வயதையொட்டிய குழந்தையை அறையில் விட்டுவிட்டு அம்மா சில நிமிடம் வெளியே போய்த் திரும்புவார். அப்போது குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய புகழ்பெற்ற சோதனை.

சில குழந்தைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டு, அழுகை நின்றதும் விளையாடப் போய்விட்டன. சில குழந்தைகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டே கோபத்தில் முறுக்கின. சில குழந்தைகள் அம்மா வந்ததையே கண்டுகொள்ளாத மாதிரி இருந்தன. பிறகு வந்த ஆய்வாளர்கள், பயமும் குழப்பமும் கலந்த நான்காவது வகையையும் சேர்த்தார்கள். பெரியவர்களின் காதல் உறவிலும் இதே பாணி தெரிகிறது என்று சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும் 1987-ல் எழுதினார்கள்.

இங்கே இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, 'அட்டாச்மென்ட் ஸ்டைல்' ஒரு நோய் அல்ல. அது மாறவும் கூடியது. இரண்டு, இது 'எல்லாத்துக்கும் அம்மாதான் காரணம்' என்று சொல்லும் கோட்பாடு அல்ல. அப்பா, பாட்டி, தாத்தா, பெரியம்மா என யாருடைய மடியிலும் குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கலாம்.

சிகிச்சையில் என்ன நடக்கும்?

'அட்டாச்மென்ட் பேஸ்டு' என்பது ஒரே ஒரு சிகிச்சையின் பெயர் அல்ல. யாருக்குப் பிரச்னை என்பதைப் பொறுத்து முறை மாறும்.

- தம்பதிகளுக்கு: எமோஷனலி ஃபோகஸ்டு தெரபி. கனடாவைச் சேர்ந்த சூ ஜான்சன் உள்ளிட்டோர் 1980-களில் உருவாக்கியது. சண்டையில் யார் சரி என்று தீர்ப்பு சொல்லாமல், சண்டைக்கு அடியில் இருக்கும் 'நான் உனக்கு முக்கியமா?' என்ற பயத்தைப் பேச வைக்கும் முறை.
- டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு: மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் உள்ள பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையே உடைந்த நம்பிக்கையைச் சரிசெய்யும் குடும்ப சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் கை டயமண்டும் அவரது குழுவினரும் உருவாக்கியது.
- சிறு குழந்தைகளுக்கு: குழந்தையைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவதைவிட, பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து வரும் அமர்வுகளே அதிகம்.
- தனிநபருக்கு: பழைய உறவுகளில் கற்றுக்கொண்ட பயம் இன்றைய உறவில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் நீண்டகால உரையாடல். தெரபிஸ்ட்டுடன் உருவாகும் நம்பிக்கையான உறவே இதில் மருந்து மாதிரி.

ஒரு குழப்பத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். எமோஷனலி ஃபோகஸ்டு தெரபியைச் சுருக்கி 'ஈ.எஃப்.டி.' என்பார்கள். விரல்களால் முகத்திலும் உடம்பிலும் தட்டும் 'டேப்பிங்' முறைக்கும் அதே சுருக்கம்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. 'எந்த ஈ.எஃப்.டி.?' என்று கேட்டுவிடுவது நல்லது.

யாரிடம் போகலாம்?

முதலில் அடிப்படைத் தகுதியைப் பாருங்கள். அட்டாச்மென்ட் பயிற்சி அதற்கு அடுத்ததுதான்.

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுத முடியும். மாநில மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.-யில் பதிவு செய்தவர். மருந்து எழுத மாட்டார். பதிவு எண்ணைக் கேட்கலாம். கேட்டால் கோபப்பட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பெயரைச் சரிபார்க்கவும் முடியும்.

கவுன்சிலர், சைக்காலஜிஸ்ட்: உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை முடித்த திறமையானவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பெயர்களை யாரும் போட்டுக்கொள்ள முடிவதால், எங்கே படித்தார், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றார் என்று விசாரிப்பது அவசியம்.

எங்கே தேடுவது?

- அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. அங்கே 'அட்டாச்மென்ட் தெரபி' என்று போர்டு இருக்காது. ஆனால் முறையான மதிப்பீடு கிடைக்கும். யாரைப் பார்க்கலாம் என்ற வழிகாட்டுதலையும் கேட்கலாம்.
- டெலிமானஸ் 14416. மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம்.
- ஒவ்வொரு சிகிச்சை முறைக்கும் உரிய சர்வதேச பயிற்சி அமைப்புகள், பயிற்சி பெற்றவர்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. ப்ரொஃபைலில் சொல்வது உண்மையா என்று அங்கே சரிபார்க்கலாம்.
- சின்ன ஊர்களில் இருப்பவர்களுக்கு ஆன்லைன் அமர்வு ஒரு வழி. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பேச வீட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்து அறையில் மாமியார் இருக்கும்போது மனசு திறந்து பேச முடியாது.

முதல் போன் காலில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. உங்கள் படிப்பு என்ன? பதிவு எண் இருக்கிறதா?
2. அட்டாச்மென்ட் சிகிச்சையில் எந்த முறையில், எங்கே பயிற்சி எடுத்தீர்கள்?
3. என்னுடைய பிரச்னை மாதிரி வருபவர்களுடன் வேலை செய்திருக்கிறீர்களா?
4. ஒரு அமர்வில் என்ன நடக்கும்? முன்னேற்றத்தை எப்படிப் பார்ப்போம்?
5. கட்டணம் எவ்வளவு? குறைத்துத் தர வாய்ப்பு உண்டா? கேன்சல் செய்தால் என்ன?
6. அமர்வுகளுக்கு இடையில் நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது?

ஆறாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். கைவிடப்படுவோமோ என்ற பயத்தோடு வருபவருக்கு, தெரபிஸ்ட் ஒரு வாரம் லீவு போட்டாலே பெரிய அடியாக இருக்கலாம். நல்ல தெரபிஸ்ட் லீவை முன்கூட்டியே சொல்வார். திரும்பி வந்ததும் அதைப் பற்றியே பேசவும் செய்வார்.

மூன்று, நான்கு அமர்வு போன பிறகும் ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் போனை எடுக்காமல் காணாமல் போவதைவிட, 'எனக்கு இது சரியா வரலை' என்று நேரில் சொல்லி முடிப்பது நல்லது. விலகி ஓடும் பழக்கம் உள்ளவருக்கு அதுவே ஒரு சிகிச்சை.

எங்கே எச்சரிக்கை தேவை?

கிட்டத்தட்ட இதே பெயரில் ஆபத்தான ஒரு முறையும் இருந்தது. 'அட்டாச்மென்ட் தெரபி' என்ற பெயரில் குழந்தையைப் பலவந்தமாக அழுத்திப் பிடிப்பது, போர்வையில் சுற்றி 'மறுபிறப்பு' எடுக்க வைப்பது போன்றவை அமெரிக்காவில் நடந்தன. 2000-ல் கொலராடோவில் அப்படி ஒரு அமர்வில் 10 வயது தத்துக் குழந்தை மூச்சுத்திணறி இறந்தது. தெரபிஸ்ட்டுகள் சிறைக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே அந்த மறுபிறப்பு முறையை மாநிலம் தடை செய்தது. குழந்தைகளைப் பாதுகாக்கும் நிபுணர்களின் அமெரிக்க அமைப்பும் 2006-ல் இத்தகைய முறைகளைக் கண்டித்தது.

எனவே, குறிப்பாகத் தத்தெடுத்த பெற்றோர் கவனிக்க வேண்டும். குழந்தையை அமுக்கிப் பிடிப்பது, சாப்பாட்டை மறுப்பது, பணிய வைப்பது ஆகியவை எந்தப் பெயரில் வந்தாலும் சிகிச்சை அல்ல. அங்கிருந்து உடனே கிளம்பிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

பெரியவர்களுக்கும் சில அபாய அறிகுறிகள் உண்டு. 'நாலே அமர்வில் சரியாகிடும்' என்ற உத்தரவாதம், மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டச் சொல்வது, குடும்பத்தோடு உறவை வெட்டச் சொல்லி வற்புறுத்துவது, அமர்வுக்கு வெளியே நட்போ காதலோ பழக முயல்வது.

வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் தம்பதியாக உட்கார்ந்து பேசும் சிகிச்சை பொருந்தாது. அங்கே முதல் தேவை பாதுகாப்பு. பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

வெளியே தெரிந்துவிடுமா?

பலரைத் தடுப்பது இந்தப் பயம்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டுமே விதிவிலக்கு உண்டு. அந்த விதிவிலக்குகள் என்ன என்று முதல் அமர்விலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஊரில் அட்டாச்மென்ட் பயிற்சி பெற்றவர் ஒருவர்கூட இல்லையா? அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நேரத்துக்கு வருகிற, சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிற, தவறு நடந்தால் ஒப்புக்கொள்கிற, தகுதியுள்ள ஒரு தெரபிஸ்ட் போதும். சின்ன வயதில் கிடைக்காத பாதுகாப்பு உணர்வு கொஞ்சம் கொஞ்சமாக வளர அதுவே ஆரம்பமாக இருக்கும்.

*(தற்கொலை எண்ணம் எந்தப் பிரச்னைக்கும் தீர்வாகாது. உதவிக்கு: டெலிமானஸ் 14416, தமிழ்நாடு அரசு சுகாதார உதவி எண் 104, சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050)*