உட்கார ஒரு முக்காலி

பெரிய ஜவுளிக் கடை ஒன்றில் 31 வருஷம் கணக்கு எழுதினேன். எனக்கு நாற்காலி உண்டு. எதிரே சேலைப் பிரிவில் இருந்த அண்ணாச்சிக்குக் கிடையாது. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது வரை. தீபாவளி சமயத்தில் அதுவும் கணக்கில்லை. உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம். அவர் கெண்டைக்கால் முழுக்க நீல முடிச்சுகள். கடைசியில் கணுக்காலில் ஆறாத புண்.

நரம்பு சுருட்டிக்கொண்டது என்போம். உண்மையில் அது நரம்பல்ல, ரத்தக் குழாய். காலுக்கு வந்த ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடந்தால் தள்ளும், ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் தேங்கி, குழாயின் வால்வுகள் தளர்ந்துவிடும்.

என் அப்பா காலத்து ஜவுளிக் கடையில் வெள்ளை விரிப்பில் விற்பவரும் வாங்குபவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தே பேரம் பேசினார்கள். கவுண்டர் வந்தபிறகுதான் விற்பவர் எழுந்து நின்றார். நாகரிகம் என்றோம்.

இங்கிலாந்தில் 1899லேயே, கடையில் வேலை பார்க்கும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை என்று சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்பவருக்கு இருக்கை வைக்கச் சொன்னது. ஆனால் அது ஆலைக்கு. கடைகளுக்கு நம்மிடம் இருந்தது 1947ஆம் வருஷச் சட்டம். வேலை நேரம், வார விடுமுறை எல்லாம் அதில் உண்டு, நாற்காலி இல்லை.

வழி காட்டியவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருப் பெண்கள். தையல் தொழிலாளியான விஜி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் அவர்களைத் திரட்டினார். முதலில் கேட்டது கழிப்பறை, பிறகு இருக்கை. கேரள அரசு 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் மசோதா வந்து, 1947 சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். அவ்வளவுதான் அது கேட்பது. முதலாளிக்கு என்ன செலவு, சில முக்காலிகள். அதற்கு 74 வருஷம்.

அண்ணாச்சி அதைப் பார்க்க இல்லை.

போன மாதம் பேத்திக்குப் பாவாடை எடுக்கப் போனேன். முக்காலி இருந்தது, அதன்மேல் அட்டைப் பெட்டி. "உட்காரேம்மா" என்றேன். அந்தப் பெண் மேலே கேமராவைப் பார்த்தாள். மேலாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். பெட்டியை இறக்கினார்கள். நான் பில் போட்டுக் கிளம்பும் வரை அவள் உட்கார்ந்திருந்தாள்.