எரியோடு: சந்தைகளும் பாதைகளும்

எரியோடு திண்டுக்கல் மாவட்டம், வேடசந்தூர் வட்டத்திலுள்ள பேரூராட்சி. திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறை வழியாகக் கரூர் செல்லும் சாலையில் உள்ளது. சுற்றுவட்டாரம் பெரும்பாலும் மானாவாரி நிலம். விளைச்சலோடு ஆடு வளர்ப்பும் இங்கு முக்கியமான வருமானம். ஆனால் வட்டாரத்தில் பெயர்பெற்ற ஆட்டுச்சந்தை கூடுவது கிழக்கே அய்யலூரில். ஏன் அங்கே என்பதற்குப் பாதைகளின் வரலாறு ஓரளவு விடை தருகிறது.

கொங்கு நாட்டையும் மதுரையையும் இணைக்கும் வழியில் காவல் நிலையாக இருந்தது திண்டுக்கல் கோட்டை. 1755இல் ஹைதர் அலி இங்கு ஃபௌஜ்தாராக நியமிக்கப்பட்டார். 1790இல் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இப்பகுதியை முறைப்படி பெற்றனர்.

1875இல் திருச்சி–மதுரை ரயில் பாதை திறக்கப்பட்டது. அது அய்யலூர், வடமதுரை வழியாகத் திண்டுக்கல்லை அடைந்தது. திருச்சி சாலையும் அதே பக்கம்தான். மேற்கே வேடசந்தூரைத் தொட்டு, பழைய தேசிய நெடுஞ்சாலை 7 (இன்று 44) கரூருக்குச் செல்கிறது. இரண்டு பெருவழிகளுக்கும் நடுவே எரியோடு ஒதுங்கி நின்றது. வெளிமாவட்ட வியாபாரிக்கு, பெருவழியோரம் கூடும் சந்தையே வசதி. அய்யலூரில் வியாழக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தையும் அங்குள்ள தக்காளி மார்க்கெட்டும் அவ்வகையில் வளர்ந்தவை எனலாம்.

எரியோட்டுக்கு ரயில் வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஈரோடு–கரூர்–திருச்சி அகலப்பாதையாக இருந்தபோதும், திருச்சி–திண்டுக்கல்–மதுரை மீட்டர் பாதையாகவே இருந்தது. ஈரோட்டிலிருந்து மதுரை செல்வோர் திருச்சிவரை சுற்றிப் போய் வண்டி மாற வேண்டும். சரக்கு என்றால் ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். கூலியும் நேரமும் வீண். இந்தத் தடையை நீக்கி, தூத்துக்குடித் துறைமுகம் வரை அகலப்பாதை கொண்டுசெல்லும் திட்டத்தின் முதற்பகுதியே கரூர்–திண்டுக்கல் பாதை. 1980களின் இறுதியில் அது முடிந்தபோது எரியோடும் ரயில் நிலையம் பெற்றது. 2013இல் சேலம்–நாமக்கல்–கரூர் பாதை திறந்தபின் பெங்களூர் செல்லும் வண்டிகளுக்கும் இது குறுக்குவழியாயிற்று. ஆயினும் பெரும்பாலான விரைவு வண்டிகள் இங்கு நிற்பதில்லை. துறைமுகத்தையும் பெருநகரங்களையும் எண்ணிப் போட்ட பாதை இது. இடையிலுள்ள ஊர்களுக்குக் கிடைத்தது உபரிப் பயனே.

ஊர்மக்களுக்கு அதைவிடப் பயன்பட்டது 1985ஆம் ஆண்டின் நிர்வாக மாற்றம். அதுவரை மாவட்டத் தலைநகர் மதுரை. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று திண்டுக்கல் தனி மாவட்டமானதும், ஆட்சியர் அலுவலகம் அரைநாளில் போய்த் திரும்பும் தொலைவுக்கு வந்துவிட்டது.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள் பெருகியபின், விவசாயக் கூலியை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாதச் சம்பள வேலை கிடைத்தது. காலையில் பலர் மில் வண்டி ஏறுகிறார்கள். வியாழக்கிழமை விடியலில் மட்டும் இவ்வட்டாரத்துச் சரக்கு ஆட்டோக்கள், ஆடுகளை ஏற்றிக்கொண்டு அய்யலூர் நோக்கிக் கிழக்கே போகின்றன.