கேமில் பிடிக்கும் டயர் மழையில் ஏன் விடுகிறது?

யுத்தம் முடிந்த 2009 ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளைகள் இப்போது மோட்டார் சைக்கிள் சாவி கேட்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் பலர் வேகத்தை முதலில் பழகியது வீதியில் அல்ல, கைபேசியிலும் கணினியிலும். பெற்றோரின் அனுபவம் வேறு. அந்தக் காலத்தில் திருகோணமலை மாவட்டத்தில் பயணம் என்றால் சோதனைச்சாவடியில் இறங்கி நடப்பது, குழி விழுந்த வீதியில் இரண்டாவது கியரில் ஊர்வது, கிண்ணியாத் துறையடியில் பாதைக்குக் காத்து நிற்பது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மூதூர், வெருகல் ஊடாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ-15 வீதியும், கந்தளாய் ஊடாக ஹபரணைக்குப் போகும் ஏ-6 வீதியும் காப்பட் வீதிகளாகின. ஒரு தலைமுறைக்கு வேகமாக ஓடத் திரையும் வீதியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கிடைத்தன.

கார் ஓட்டும் கேம்கள் வாகனம் உண்மையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டுகின்றனவா? நல்ல கேம்கள் டயரை வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகக் கணக்கிடுகின்றன. அந்த டயர் ஓடும் வீதிதான் நம்முடைய வீதி அல்ல.

முதலில் டயர். ஒரு கார் டயர் நிலத்தைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். ஒரு தொன்னுக்கும் அதிகமான நிறையுள்ள கார் நான்கு உள்ளங்கைகளின் மேல் ஓடுகிறது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு உராய்வுக் குணகம் தெரியும். எல்லை உராய்வு வரும்வரை பொருள் வழுக்காது, அதைத் தாண்டினால் வழுக்கும் என்று படித்திருப்பார்கள். ரப்பர் டயர் அப்படி நடப்பதில்லை. கொஞ்சம் வழுக்கினால்தான் அது பிடிக்கும். பிரேக் போடும்போது சில்லு, வாகனத்தின் வேகத்தைவிட நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை மெதுவாகச் சுற்றும் நிலையில்தான் பிடி உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் போய்ச் சில்லு பூட்டிக்கொண்டால் பிடி குறையும், ஸ்டியரிங்கும் கேட்காது. வளைவிலும் இதே கதைதான். டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் இடையில் சில பாகை வித்தியாசம் வரும்போது பிடி உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டியதும் வாகனம் நம் சொல் கேட்பதை விட்டுவிடும்.

இன்னொன்று, டயரிடம் இருக்கும் பிடி கூப்பன் அரிசி மாதிரி. அளவு ஒன்றுதான். முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்தால் வளைவுக்கு மிச்சமில்லை. வளைவின் நடுவில் பயந்துபோய் பிரேக்கை அமுக்குபவர் நேராக எதிர்ப்பக்கத்துக்குப் போவது இதனால்தான்.

இந்த நடத்தையை ஒரு சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பசேக்கா. 1980களின் பிற்பகுதியில் வெளிவந்த அந்தச் சமன்பாட்டை ‘மந்திரச் சூத்திரம்’ என்றே அழைக்கிறார்கள். வழுக்கலுக்கு எவ்வளவு பிடி என்ற வளைகோட்டை அது பரிசோதனை அளவீடுகளுக்குப் பொருந்தும்படி தருகிறது. வாகனக் கம்பனிகள் பயன்படுத்திய இந்த முறை பின்னர் கேம்களுக்குள்ளும் வந்தது. 1997 இல் வந்த கிரான் டூரிஸ்மோ, 1998 இல் வந்த கிராண்ட் பிறீ லெஜன்ட்ஸ் போன்றவை இந்தப் பாதையைத் திறந்தன. இன்றைய அசெட்டோ கோர்சா, ஐரேசிங் போன்றவை டயர்களின் நிலையை நொடிக்கு 300 தடவைக்கு மேல் கணக்கிடுகின்றன. ஐரேசிங் பந்தயத்திடல்களை லேசர் கொண்டு அளந்து, சின்ன மேடு பள்ளங்களையும் திரைக்குள் கொண்டுவருகிறது.

நீட் ஃபோர் ஸ்பீட் வகை வேறு. அதில் பிரேக்கைத் தட்டிவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தால் கார் அழகாகப் பக்கவாட்டில் சறுக்கி, வேகம் குறையாமலே வளைவைக் கடக்கும். அதை ரசிப்பதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் உண்மையில் பக்கவாட்டில் சறுக்கும் டயர் வேகத்தைத் தின்றுவிடும். கைபேசியில் நம்மவர்கள் விரும்பி விளையாடும் பஸ் கேம்களும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். 2017 இல் வந்த பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவில் வெளியாட்கள் செய்த வாகனங்களைச் சேர்க்கலாம் என்பதால் இலங்கை பஸ்களும் அதற்குள் வந்துவிட்டன. ஹோர்ன் சத்தமும் பஸ்ஸின் சோடனையும் அச்சொட்டாக இருக்கும். பஸ்ஸின் நிறைதான் இருக்காது!

டயர் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்த நாள் ஒன்று உண்டு. அதில் ஒரு தமிழரும் இருந்தார். 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இன்டியானாபோலிஸில் ஃபோர்முலா ஒன் பந்தயம். அதற்கு முந்திய பயிற்சியில், சாய்வாகக் கட்டப்பட்ட கடைசி வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் டயர் பழுதாகிச் சுவரில் மோதியது. அந்த வளைவின் சுமையைத் தங்கள் டயர் தாங்கும் என்று மிச்செலின் கம்பனியால் உறுதி சொல்ல முடியவில்லை. பந்தயத்தன்று மிச்செலின் டயர் போட்ட 14 கார்களும் ஆரம்பச் சுற்று முடிந்ததும் உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் நான்காவதாக வந்தார். ஃபோர்முலா ஒன்னில் அவர் பெற்ற புள்ளிகள் அந்த ஒரு நாளில் வந்தவை மட்டுமே. உலகத்தின் மிகத் திறமையான சாரதிகளே டயரை நம்ப முடியாது என்றதும் வாகனத்தை நிறுத்திவிட்டார்கள்.

கேமில் கற்றது உண்மைக் காருக்கு உதவுமா என்றால், உதவும். கிரான் டூரிஸ்மோ விளையாடியவர்களிலிருந்து பந்தய சாரதிகளைத் தேர்ந்தெடுக்கும் ஜிடி அகாடமி 2008 இல் தொடங்கியது. அதன் வழியாக வந்த ஜான் மார்டன்பரோவின் கதை 2023 இல் படமானது. படம் பார்த்தவர்கள் ஒன்றையும் கவனித்திருப்பார்கள். 2015 இல் ஜேர்மனியின் நூர்பர்க்ரிங்கில் அவருடைய கார் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டி விழுந்ததில் பார்வையாளர் ஒருவர் இறந்தார். அங்கே மறுபடி தொடங்கும் பொத்தான் இல்லை.

இனி நம்முடைய வீதிக்கு வருவோம். பந்தயத்திடலில் இல்லாதவை இங்கே நிறைய. மாதக்கணக்கான வெயிலில் தாரின் மேல் எண்ணெயும் தூசியும் படிந்திருக்கும். ஐப்பசியில் விழும் முதல் மழை அதைக் குழம்பாக்கிவிடும். அடைமழையைவிட அந்த முதல் அரைமணித்தியாலம் மோசமானது. கடலோரமாகப் போகும் நிலாவெளி வீதியில் தார் ஓரத்தில் மணல். அறுவடைக் காலத்தில் வயல் ஊர்களில் வீதியின் பாதியை எடுத்து நெல் காயப்போட்டிருப்பார்கள். நெல்மணி டயருக்குக் கீழே போளை மாதிரி உருளும். நானறிந்த எந்தக் கேமிலும் இது இல்லை. இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடுகளும், ஹபரணைப் பக்கம் குறுக்கே வரும் யானைகளும் வேறு.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடும். மாட்டைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக அந்த நொடி போய்விடும். உராய்வுக் குணகம் 0.8 உள்ள நல்ல காய்ந்த தாரில் அதன்பின் நிற்க 18 மீற்றர் வேண்டும். ஈரத்தில் அது 0.4 ஆனால் 35 மீற்றர். மணிக்கு 80 கிலோமீற்றரில் அதே ஈர வீதியில் 63 மீற்றர், யோசிக்கும் நொடியையும் சேர்த்தால் 85. இலங்கையில் வருடந்தோறும் வீதி விபத்துகளில் 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். யுத்தத்தில் ஒரு பிள்ளையை இழந்து மற்றதை வளர்த்த வீடுகளில் இந்த மீற்றர் கணக்கைச் சொல்லிக்கொடுப்பது யாருடைய வேலை என்று தெரியவில்லை. ஓட்டப் பழக்கும் பாடசாலைகள் பெரும்பாலும் ரிவர்ஸ் எடுப்பதோடு நிறுத்திவிடுகின்றன.

துறைமுக மாவட்டத்துக்கு இன்னொரு விடயம் உண்டு, பாரம். பிறீமா மா ஆலையிலிருந்தும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையிலிருந்தும் லொறிகளும், சீனன்குடா எண்ணெய்க் களஞ்சியத்திலிருந்து பவுசர்களும் ஏ-6 வழியாகப் போகின்றன. டயரின் மேல் பாரம் இரட்டித்தால் பிடி இரட்டிக்காது, அதைவிடக் குறைவாகவே கூடும். பாதி நிறைந்த பவுசரில் எண்ணெய் பிரேக் போட்ட பின்னரும் முன்னால் அலைமோதி வண்டியைத் தள்ளும். அப்படியொரு வாகனத்துக்கு முன்னால் திடீரென்று வெட்டிப் புகுபவருக்குக் கேம் கற்றுத்தந்த இடைவெளி போதாது.

எல்லாவற்றிலும் பெரிய குறை உடம்பில்தான். பின்சில்லு வழுக்கத் தொடங்கும் முதல் கணத்தை அனுபவமுள்ள சாரதி இருக்கையினூடாக அறிவார். விளையாட்டு ஸ்டியரிங் கையை உதைக்கும், முதுகுக்கு ஒன்றும் சொல்லாது. மோட்டார் சைக்கிளுக்கு இது இன்னும் பொருந்தும். காரில் முன்சில்லு பூட்டினால் நேரே போகும், சைக்கிளில் பூட்டினால் விழும். கேமில் சைக்கிளைக் கணினியே நிமிர்த்திப் பிடித்துக்கொள்கிறது.

வீட்டில் கேம் விளையாடும் பிள்ளை இருந்தால், சிமுலேட்டர் வகைக் கேம் ஒன்றில் ஏபிஎஸ், வழுக்கல் கட்டுப்பாடு ஆகிய உதவிகளை நிறுத்திவிட்டு, மழையைப் போட்டு ஓடச் சொல்லலாம். வளைவுக்கு முன்னரே பிரேக்கை முடிப்பது, ஸ்டியரிங் நேராகும்போதுதான் அக்சிலேட்டரைக் கூட்டுவது என்பவை அதில் உண்மையாகவே படியும். சைக்கிளுக்கு ஒரு வெறும் மைதானம் வேண்டும். தலைக்கவசம் போட்டு, மணிக்கு 20 கிலோமீற்றரில் தொடங்கி, முன் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் எலுமிச்சம்பழம் பிழிவதைப் போலக் கூட்டிக்கொண்டு போய், எத்தனை அடியில் நிற்கிறது என்று குச்சி நட்டு அளக்கலாம். முதலில் காய்ந்த நிலத்தில், பிறகு நேராக மட்டும் ஓடி, ஈர நிலத்தில்.