எலும்பு கட்டியவர் மகன்

பட்டமில்லாதவன்! கல்லூரி வாயிலை மிதிக்காதவன்! இவனா நோயாளியின் காலைத் தொடுவது? - பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்ப்பூல் நகர மருத்துவர்கள் இவ்வாறு சீறினர். சீற்றத்துக்கு ஆளானவர் ஈவான் தாமஸ். வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவிலிருந்து வந்து, முறிந்த எலும்பைக் கட்டிப் பிழைத்தவர். உழைப்பாளிகள் அவர் வாயிலில் கூடினர். பட்டம் பெற்றோரோ அவரைப் பன்முறை நீதிமன்றத்துக்கு இழுத்தனர்.

ஈவான் சோர்ந்தாரில்லை. மக்களை மருத்துவம் பயில அனுப்பினார். மூத்தவர் ஹியூ ஓவன் தாமஸ் 1857-இல் தகுதி பெற்றார். தந்தையின் கைத்திறனும் கல்லூரியின் கல்வியும் ஒருவரிடம் கூடின! ஞாயிறுதோறும் ஏழைகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்தார். கொல்லனையும் தோல் தைப்பவனையும் உடன் வைத்துக்கொண்டு தப்பைகள் செய்தார். அவற்றுள் ஒன்று, தொடையின் அடியில் பொருந்தும் தோல் போர்த்த இரும்பு வளையம். அதிலிருந்து காலின் இருமருங்கும் ஓடும் கம்பிகள். முழங்கால் மூட்டு நோய்க்கென முதலில் செய்யப்பட்டது.

தொடையெலும்பு முறிந்தால் நேர்வது யாது? வலிய தசைகள் சுருங்கி, முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றும். அடிபட்டவனைத் தூக்கும் ஒவ்வோர் அசைவிலும் அம்முனைகள் சதையைக் கிழிக்கும். ஒரு லிட்டருக்கு மேற்பட்ட குருதி தொடைக்குள்ளேயே தேங்கக்கூடும். வெளியே சிறு காயம் - உள்ளே உயிர் வடிகிறது! வளையம் இடுப்பெலும்பில் முட்டுக்கொடுக்க, பாதத்தை இழுத்துக் கம்பியின் முனையில் கட்டினால், முனைகள் நேர்படும், வலி தணியும், குருதிப்போக்கும் குறையும்.

இத்துணை எளிய கருவியை ஏற்றதா மருத்துவ உலகம்? இல்லை. எலும்பு கட்டுவோன் மகன்தானே என்ற ஏளனம் ஒருபுறம். தாமசும் இன்சொல்லர் அல்லர் என்பது மறுபுறம். 1891-இல் அவர் மறைந்தார்.

அவரிடம் பயின்ற மருமகன் ராபர்ட் ஜோன்ஸ், 1888-இல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வேலைக்கு அறுவை மருத்துவரானார். 36 மைல் நீளத்தில் ஆயிரமாயிரம் தொழிலாளர், நாள்தோறும் விபத்து. வழியெங்கும் முதலுதவி நிலையங்களும் மருத்துவமனைகளும் அமைத்தார்.

பின்னர் வந்தது 1914-ஆம் ஆண்டுப் போர். குண்டடிபட்டுத் தொடை முறிந்தோருள் 1916-இல் நூற்றுக்கு 80 பேர் மாண்டனர் என்பது ஜோன்ஸ் தந்த கணக்கு. அது மிகை என்பர் இன்றைய ஆய்வாளர் சிலர், இருக்கலாம். ஆனால் 1917-இல் ஆராஸ் போரில், ஆயிரத்துக்கு மேற்பட்ட தொடை முறிவுகளில் நூற்றுக்கு 16 பேருக்கும் குறைவாகவே இறந்தனர் என ஹென்றி கிரே பதிந்துள்ளார். காயத்தை விரைந்து வெட்டித் தூய்மை செய்தமைக்கும் அதில் பங்குண்டு. எனினும் தூக்குமுன் தப்பை என்ற விதி பெரிது.

அந்த விதியை நிறைவேற்றியோர் எவர்? காயமுற்றோரைச் சுமந்த வீரர்கள்! இருளிலும் கை பிசகாதிருக்கக் கண்ணைக் கட்டிக்கொண்டு, கிடந்தவனைக் கிடந்த இடத்திலேயே, உடை களையாமலே கட்டப் பழகினர். அவர்களையும் எந்த மருத்துவக் கல்லூரியும் கண்டதில்லை.