மாலிக் சொன்ன 'தெரியாது'

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஜும்ஆ முடிந்ததும் ஒருவர் ஹஜ்ரத்திடம் பாகப்பிரிவினைச் சிக்கல் ஒன்றைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "தெரியலையே பாய், வேலூர் பாக்கியாத்துக்கு எழுதிக் கேட்டுச் சொல்றேன்" என்று பதில் வந்தால் கேட்டவருக்குச் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் 1,200 வருட மரபு இருக்கிறது.

மதீனாவின் பெரும் சட்ட அறிஞர் இமாம் மாலிக் 795இல் இறந்தார். அவரிடம் ஒருமுறை 48 கேள்விகள் கேட்டார்களாம். 32க்குத் தெரியாது என்றாராம். மாதக்கணக்கில் பயணம் செய்து வந்த ஒருவருக்கும் அதே பதில்தான். ஊரில் போய் என்ன சொல்வது என்று அவர் தவிக்க, மாலிக்குக்குத் தெரியலைன்னு சொல்லுங்க என்று அனுப்பிவைத்ததாகச் சொல்வார்கள். காயல்பட்டினமும் கீழக்கரையும் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாஃபிஈ இவருடைய மாணவர்.

ஃபத்வாவில் ஒரு வார்த்தை தப்பினால் ஒரு திருமணம் முறியலாம், ஒரு மகளின் பங்கு பறிபோகலாம். அறிவில்லாத விஷயத்தின் பின்னால் போகாதே என்கிறது குர்ஆன் (17:36). தெரிந்த பதிலை எழுதி முடித்த பிறகும் முஃப்திகள் 'அல்லாஹு அஃலம்', அல்லாஹ்வே நன்கறிந்தவன், என்று முடிப்பது இதனால்தான்.

இன்று போனில் அரை நொடியில் பதில் வந்துவிடுகிறது. அது தப்பாகப் போனால் யாரைப் போய்க் கேட்பது? ஹஜ்ரத் அடுத்த வெள்ளியும் அதே பள்ளிவாசலில்தான் இருப்பார்.