நாலு பேர் சேர்ந்தால் நீளும் கை: 1965 சொல்லும் பாடம்

பெரம்பலூரில் வாத்தியாராக இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார்: "தனியா இருந்தா வாயே திறக்காத பையன், நாலு பேர் சேர்ந்ததும் பெஞ்சை உடைக்கிறானே, ஏங்க?" பதில் தேடி நான் 1965-க்குப் போனேன்.

அதற்கு ஒரு வருடம் முன்பிருந்து தொடங்குகிறேன். 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில், இந்தியை எதிர்த்து சின்னசாமி என்ற இளைஞர் தீக்குளித்து இறந்தார். அவருக்குச் சொந்த ஊர் கீழப்பழுவூர். இன்றைக்கு அது அரியலூர் மாவட்டம். அன்றைக்கு அரியலூர், பெரம்பலூர் எல்லாமே திருச்சி மாவட்டம்தான். அடுத்த வருடம் 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்று ஏற்பாடு. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

கவனிங்க, அப்போது பள்ளிப் படிப்பு 11 வருடம். பி.யூ.சி. சேரும் பையனுக்கு 16, 17 வயசுதான் இருக்கும். நாம் 'கல்லூரி மாணவர்' என்று சொல்பவர்களில் பல பேர் இந்த வயசுப் பிள்ளைகள்.

ஜனவரி 25-ல் மதுரையில் ஊர்வலம் போன மாணவர்கள் வடக்கு மாசி வீதி காங்கிரஸ் அலுவலகம் அருகே தாக்கப்பட்டார்கள். அதன் பிறகு கலவரம் மூண்டது. 27-ம் தேதி சிதம்பரத்தில் போலீஸ் சுட்டதில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் இறந்தார். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ரயில் நிலையங்களும் தபால் நிலையங்களும் எரிந்தன.

ஏன் ரயிலும் தபாலும்? டெல்லி அரசு கண்ணுக்குத் தெரிகிற இடம் அவைதான். டெல்லியின் மேல் இருந்த கோபம், பக்கத்தில் கைக்கு எட்டுகிற அதன் பெயர்ப்பலகை மேல் இறங்கியது. ஆக, முதலில் உடைபட்ட பொருளுக்கு ஒரு காரணம் இருந்தது.

ஆனா, அதோடு நிற்கவில்லை. திருப்பூரில் இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அதற்குள் மாணவர் அல்லாதவர்களும் கூட்டத்தில் கலந்திருந்தார்கள். மாணவர் தலைவர்கள் நினைத்தாலும் கூட்டத்தை நிறுத்த முடியாத நிலை. அரசுக் கணக்கிலேயே சுமார் 70 பேர் இறந்தார்கள்.

இந்த இரண்டாவது கட்டத்துக்குத்தான் வாத்தியார் கேள்வி பொருந்துகிறது. அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2005-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. தனியாக ஆடியதை விட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் ரொம்ப அதிகமாக ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. பார்க்க ஆள் இருந்தால் இந்த வயசுக்குத் துணிச்சல் கூடுகிறது. கூட்டத்தில் எறிகிற கல்லுக்கு எறிந்தவன் பேரும் கிடையாது.

பிப்ரவரி 11-ல் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். அன்று இரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேரு தந்த உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார். மறுநாள் மாணவர் தலைவர்கள் போராட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். இந்த ஒரு பேச்சு மூன்று வாரம் முன்பே வந்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்?

நான் அந்தப் போராட்டத்தை மதிக்கிறவன். அதனாலேயே சின்னசாமி, ராஜேந்திரன் பேரைச் சொல்லும்போது திருப்பூரையும் சேர்த்துச் சொல்லணும்னு நினைக்கிறேன். கோபம் நியாயமாக இருந்தது என்பதற்காக அங்கே நடந்தது நியாயம் ஆகிவிடாது.

வாத்தியார் நண்பருக்கு என் பதில் இதுதான்: யார் உடைச்சான்னு விசாரிங்க, தப்பில்லை. அதோட, ஏன் அந்த பெஞ்சுன்னும் கேளுங்க. அதையும் பையன்களைத் தனித்தனியா உட்கார வைத்துக் கேளுங்க. நாலு பேர் நடுவில் எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான்.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.